கோயிலில் வரும் சிலிர்ப்பு: பக்தியா, கட்டடமா, நம் ரசனையா?

மேலவீதி எழுதியது:

ரொம்ப நாளாக உறுத்தும் விஷயம் ஒன்று. பக்தி பற்றி இங்கே பலர் எழுதுகிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

காஞ்சி கைலாசநாதர் கோயிலுக்குப் போனால் எனக்குப் பேச்சு நின்றுவிடும். பல்லவ ராஜசிம்மன் 700-ஐ ஒட்டிக் கட்டியது. கருவறையைச் சுற்றி வர ஒரு குறுகிய வழி உண்டு. நுழையும் இடத்தில் தவழ வேண்டும், வெளியே வரும்போதும் உடம்பைச் சுருக்கித்தான் வர வேண்டும். அப்படிச் சுற்றி வந்தால் மறுபிறவி இல்லை என்பது நம்பிக்கை. அந்த இருட்டில் தவழும்போது உடம்பு முதலில் கும்பிட்டுவிடுகிறது, மனம் பின்னால்தான் வந்து சேர்கிறது. தாராசுரத்திலும் தஞ்சைப் பெரிய கோயிலிலும் இதே அனுபவம்தான்.

ஆனால் எங்கள் தெருமுனைக் கோயிலில் ஒன்றுமே நடப்பதில்லை. பளபளவென்று கிரானைட் தரை, சுவரில் இடுப்பளவுக்கு டைல்ஸ், ஸ்டீல் தடுப்பு, கருவறைக்குள்ளேயே எல்இடி விளக்கு. அதே சிவன், அதே அர்ச்சனை. நான் கையைக் கூப்பிக்கொண்டு டைல்ஸ் சரியாக ஒட்டியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் அம்மா அங்கேதான் கண்ணை மூடி உருகுகிறார்.

அப்படியென்றால் எனக்கு வருவது பக்தியா, அல்லது நல்ல கட்டடம் பார்த்தால் வரும் சந்தோஷமா? சாமிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

அகல் எழுதியது:

ரசனைதான். இதில் என்ன சந்தேகம்?

தாராசுரத்தில் நந்திக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு "தெய்விகம்" என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விளக்கு எரிகிறதா, உள்ளே பூஜை நடக்கிறதா என்றுகூடக் கேட்க மாட்டார்கள். பழசு என்றாலே பக்தி என்று ஆகிவிட்டது. ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி. நாயக்கர் காலத்தில் பாதியில் நின்றது, 1987-இல்தான் கட்டி முடித்தார்கள். நம்மில் பலரைவிட வயதில் சின்னக் கோபுரம் அது. அதை அண்ணாந்து பார்த்துச் சிலிர்க்கும்போது யாராவது ஆண்டு கேட்கிறார்களா?

உங்கள் அம்மாவுக்கு வருவது பக்தி. உங்களுக்கு வருவது சுற்றுலா. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மேலவீதி எழுதியது:

கோபம் இல்லை அண்ணே. ஆனால் ஸ்ரீரங்க உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது. புதிதாக இருந்தும் அது வேலை செய்கிறது என்றால், விஷயம் வயதில் இல்லை, கட்டிய விதத்தில் இருக்கிறது.

சுதைவேலை எழுதியது:

தம்பி சொன்ன கடைசி வரியைப் பிடித்துக்கொள்கிறேன். எனக்குத் திருப்பணி வேலைதான் தொழில். கோபுரத்துச் சுதைச் சிற்பங்களை, அதாவது சுண்ணாம்புச் சாந்தில் செய்த பொம்மைகளை, பழுதுபார்ப்பது, புதிதாகச் செய்வது. எனவே கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்க் கல்கோயிலில் ராஜகோபுர வாசல் யானை நுழையும் உயரம். அடுத்த வாசல் அதைவிடச் சிறியது. கொடிமரம் வரை வெயில். மகாமண்டபத்தில் அரையிருட்டு. அர்த்தமண்டபத்தில் அதிலும் பாதி. கருவறைக்கு ஜன்னலே கிடையாது. ஒவ்வொரு வாசலிலும் நிலைப்படி உண்டு, அதைத் தாண்டக் கீழே பார்த்தே ஆக வேண்டும். தலை தானாகக் குனியும். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். பிராகாரம் சுற்றிவிட்டு நிதானமாக உள்ளே வருகிறவருக்கு அந்தப் பழக்கம் பாதியாவது ஆகியிருக்கும். அந்த நேரத்தில் தீபாராதனைத் தட்டு ஏறுகிறது. கன்னங்கரேலென்ற எண்ணெய் படிந்த கல் திருமேனியில் அந்த ஒரு சுடர் எப்படித் தெரியும் என்று யோசியுங்கள். இது தற்செயல் இல்லை. கருவறையில் எல்இடி மாட்டினால் தீபாராதனைக்கு வேலையே இல்லை. தட்டைக் காட்டுவார்கள், நாமும் கன்னத்தில் போட்டுக்கொள்வோம், அவ்வளவுதான்.

அதனால் கட்டடம் உணர்வை உண்டாக்குகிறது என்பதில் எனக்கு வாதமே இல்லை. கட்டியவர்கள் அதற்காகத்தான் கட்டினார்கள். அதை ஏதோ ஏமாற்று வேலைபோல அகல் பேசுவது சரியில்லை. தேவாரம் பாடுகிறவர் குரல் நன்றாக இருந்ததால் அழுதேன் என்றால் அந்த அழுகை பொய்யா?

ஆனால் மேலவீதிக்கும் ஒரு குட்டு உண்டு. உங்களுக்குப் பிடித்திருப்பது வெறும் கல். நிறமில்லாத, பூச்சில்லாத கல். தஞ்சாவூர், தாராசுரம், கைலாசநாதர் எல்லாமே தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருப்பவை. அங்கே வண்ணம் அடிக்க மாட்டார்கள். அதைப் பார்த்துப் பார்த்துப் "பழைய கோயில் என்றால் இப்படித்தான்" என்று நம் தலைமுறைக்குப் பதிந்துவிட்டது. கட்டியவனுக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லை. அதே கைலாசநாதர் கோயிலின் சுற்றுமதிலில் உள்ள சிறிய சந்நிதிகளில் சுதைப் பூச்சும் பல்லவர் காலத்து ஓவியமும் துண்டு துண்டாக இன்னும் இருக்கின்றன. தஞ்சையில் கருவறையைச் சுற்றியுள்ள உள்வழி முழுக்கச் சோழர் ஓவியம். மேலே நாயக்கர் காலத்தில் வேறு ஓவியம் தீட்டிவிட்டார்கள். அடியில் இருந்த சோழர் ஓவியம் 1931-இல்தான் வெளியே தெரிந்தது. அதாவது அந்தக் கோயில்கள் பளிச்சென்று இருந்தவை. நம் கண்ணுக்கு இன்று "ஆடம்பரம்" என்று படும் அளவுக்குக்கூட இருந்திருக்கலாம்.

மதுரைக் கோபுரத்தைப் பார்த்து "ஐயோ, பெயிண்ட்" என்று முகம் சுளிக்கிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: கோபுரத்தில் கல் வேலை கீழ்ப்பகுதியோடு சரி. அதற்கு மேலே செங்கல்லும் சுதையும். மழையில் சுதை நிற்க மேலே பூச்சு வேண்டும். 12 வருடத்துக்கு ஒருமுறை பாலாலயம் செய்து (வேலை முடியும்வரை சாமிக்குத் தற்காலிக இடம்), பழுதுபார்த்து, பஞ்சவர்ணம் தீட்டிக் கும்பாபிஷேகம் செய்வதென்ற வழக்கத்துக்குள் இந்தப் பராமரிப்பும் அடங்கியிருக்கிறது. வண்ணம் தப்பில்லை. இப்போது அடிக்கிற வண்ணத்தின் தரமும் தேர்வும் தப்பு. கண்ணைப் பறிக்கும் நீலமும் ரோஸும் டப்பாவில் வந்த பிறகு வந்தவை.

அதைவிடப் பெரிய தப்பு சிமெண்ட். சுண்ணாம்பும் மணலும் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சாந்து ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். பழைய செங்கல் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, சில வருடத்தில் பொம்மையின் மூக்கும் விரலும் உதிரும். இன்னொரு கொடுமை, தூண்களைச் சுத்தம் செய்கிறோம் என்று மணலை வேகமாகப் பீய்ச்சி அடித்தது. எண்ணெய்ப் பிசுக்கோடு உளி நயமும் கல்வெட்டு எழுத்தும் போயின. பிறகு தடை வந்தது. போனது போனதுதான்.

பனிநாட்டான் எழுதியது:

நான் யாழ்ப்பாணம், இப்போது டொராண்டோ பக்கம். இந்தப் பேச்சில் எங்களைப் போன்றவர்கள் எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

நாங்கள் வந்த காலத்தில் ஸ்காபரோவில் எங்கள் கோவில் ஒரு பழைய கிடங்கு. பக்கத்துக் கதவு கார் திருத்தும் கடை. தாழ்ந்த கூரை, மேலே குழல்விளக்கு, குளிரில் சப்பாத்துகள் குவிந்த வாசல். கற்பூரம் கொஞ்சம் கூடினால் புகை எச்சரிக்கை மணி அலறும். சுதைவேலை ஐயா சொன்ன எதுவும் அங்கே இல்லை. இருட்டு இல்லை, பிராகாரம் இல்லை, படிப்படியாகக் குறையும் வெளிச்சமும் இல்லை. ஆனால் 90-களில் ஊரில் குண்டு விழுந்த செய்தி வந்த கிழமைகளில் அந்தக் கிடங்கில் சனம் அழுத அழுகையை நான் வேறெந்தக் கோவிலிலும் பார்க்கவில்லை.

எனக்கு நல்லூர்தான் கோவில். மணல் வீதி, சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போவது, நேரம் தப்பாத மணி. என் மகள் இங்கே பிறந்தவள். அவளுக்கு அந்தக் கிடங்குதான் கோவில். இப்போது அதே ஆட்கள் கோபுரம் வைத்துப் பெரிதாகக் கட்டிவிட்டார்கள். அவளுக்கு அது ஒட்டவில்லை. பழைய இடத்தில்தான் சாமி இருந்தது என்கிறாள். தஞ்சாவூருக்கும் கூட்டிப் போனேன். வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, "அப்பா, இது மியூசியமா?" என்று கேட்டாள்.

ஆகவே சின்ன வயதில் எங்கே கும்பிட்டோமோ அதுதான் பிறகு கண்ணுக்கு அழகாகிறது என்று நினைக்கிறேன். மேலவீதி, உங்களுக்குச் சின்ன வயதில் எந்தக் கோவில்?

மேலவீதி எழுதியது:

கும்பகோணம் பக்கம் ஒரு சிற்றூர். பழைய கல்கோயில், வௌவால் நாற்றம், பகலிலும் இருட்டு. நீங்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும்போல.

கரிசல்காரன் எழுதியது:

எல்லாரும் கட்டடம் இருக்கிற சாமியைப் பற்றியே பேசுகிறீர்கள். கட்டடம் வந்ததால் போன சாமியும் உண்டு.

எங்கள் ஊர் அய்யனார் கண்மாய்க்கரையில் மரத்தடியில் இருந்தார். சுற்றி மண்குதிரைகள், பாதி உடைந்தது, பாதி புதுசு. ராத்திரி அந்தப் பக்கம் போனால் வயிற்றைக் கலக்கும். அந்தப் பயம்தான் எங்களுக்குப் பக்தி. வெளியூரில் சம்பாதித்த ஒருவர் வந்து கான்கிரீட் கூரை போட்டு, கம்பிக் கதவு வைத்து, பூட்டுப் போட்டுவிட்டார். மரத்தின் ஒரு கிளையையும் வெட்டியாயிற்று. இப்போது சாமியைப் பார்க்கச் சாவி வைத்திருப்பவரைத் தேட வேண்டும். யாருக்கும் பயமே இல்லை, பூட்டின மேலே என்ன பயம்?

உறையூர் வெக்காளியம்மன் சந்நிதிக்கு மேல் கூரை இல்லை, தெரியுமா? மண்மாரி பெய்து ஊர் அழிந்தபோது, மக்களுக்கெல்லாம் வீடு கிடைக்கிறவரை எனக்கும் கூரை வேண்டாம் என்று அம்மன் சொன்னதாகக் கதை. வெயிலும் மழையும் அவள் மேலேயே விழும். அங்கே நிற்கும்போது என்ன தோன்றுகிறதோ அதை எந்த விமானமும் எனக்குத் தந்ததில்லை. கூரை போடாமல் விடுவதும் ஒரு கட்டடக்கலைதான் சார்.

கடலோரம் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். பள்ளிவாசல்காரன் நானும் கொஞ்சம் உள்ளே வரலாமா?

கீழக்கரைப் பழைய ஜும்மா பள்ளியைப் பார்த்தவர்கள் இருக்கலாம். வள்ளல் சீதக்காதி காலத்தோடு சேர்த்துப் பேசப்படுவது, 17-ஆம் நூற்றாண்டு. வெளியூர்க்காரர் உள்ளே வந்தால் முதலில் திகைப்பார்கள். கல்தூண், அதன் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகை, தட்டையான கல் கூரை. கோயில் மண்டபம் கட்டிய அதே கைகள்தான். உருவம் மட்டும் இருக்காது, பூவும் கொடியும்தான். எனக்கு அந்தத் தூண்களுக்கு நடுவில் உட்கார்ந்தால் மனசு தணியும். கையை வைத்தால் சித்திரையிலும் கல் குளிர்ந்திருக்கும்.

ஆனால் என் வாப்பாவுக்குப் புதுப் பள்ளிதான் பிடிக்கும். பெரிய குவிமாடம், உயரமான மினாரா, பளிங்குத் தரை. வளைகுடாவில் வேலை பார்த்தவர். அவர் தொழுது பழகியது அப்படிப்பட்ட பள்ளிகளில். பனிநாட்டான் சொன்னதுதான், கொஞ்சம் மாற்றி: சின்ன வயது மட்டும் இல்லை, நாம் தனியாக இருந்த வயதும் ரசனையை உண்டாக்குகிறது.

அவருடன் வாதாடியபோது அவர் சொன்ன ஒன்றுக்கு என்னிடம் பதில் இல்லை. தொழுகைக்கு வரிசைதான் முக்கியம், தோளோடு தோள். தூண் நடுவில் வந்தால் வரிசை உடைகிறது. உனக்கு அழகாகத் தெரிகிற தூண் எனக்குத் தொழும்போது இடைஞ்சல் என்றார். தூண் இல்லாத பெரிய கூடத்தைக் கான்கிரீட் எளிதாகத் தரும். எது ஆன்மிகக் கட்டடம் என்பதை அங்கே நடக்கும் வணக்கத்தை வைத்துத்தானே சொல்ல வேண்டும்? கோயிலில் ஒவ்வொருவராகக் கருவறையை நெருங்குகிறீர்கள், அதனால் இருட்டும் குறுகலும் பொருந்துகின்றன. எங்களுக்கு எல்லாரும் ஒரே திசை பார்த்து ஒரே நேரத்தில் குனிய வேண்டும். பூமி முழுதும் தொழும் இடம்தான் என்பது எங்கள் மார்க்கம். திசை தெரிந்தால் போதும்.

இத்தனையும் தெரிந்தும் ஊருக்கு வந்தால் என் கால் பழைய பள்ளிக்குத்தான் போகிறது.

அகல் எழுதியது:

கடலோரம் சொன்னது நியாயம். நான் முதலில் சொன்னதும் அதுதான்: திசை தெரிந்தால் போதும்.

பூசலார் கதை எல்லாருக்கும் தெரியும். திருநின்றவூரில் கையில் காசில்லாதவர் மனத்துக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டினார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ ராஜா கல்லில் கட்டிய கோயிலுக்குக் குடமுழுக்கு. சிவன் ராஜா கனவில் வந்து, "நாளைக்கு நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், உன்னுடையதைத் தள்ளி வை" என்றார். மேலவீதி மயங்கி நிற்கும் அதே கைலாசநாதர்தான் அந்த ராஜாவின் கோயில் என்பார்கள். சாமியே கட்டடத்துக்கு இரண்டாம் இடம்தான் கொடுத்தார். பேச்சு முடிந்தது.

சுதைவேலை எழுதியது:

முடியவில்லை. அந்தக் கதையை இன்னொரு முறை படியுங்கள் அகல்.

பூசலார் மனத்தில் என்ன செய்தார்? கண்ணை மூடி நமசிவாய சொல்லிக்கொண்டு இருந்துவிடவில்லை. சாமான் சேர்த்தார். தச்சர்களைத் தேடினார். நல்ல நாள் பார்த்து அடித்தளம் போட்டார். ஆகமப்படி அளவு பார்த்து வரிசை வரிசையாக எழுப்பினார். ராத்திரியிலும் தூங்கவில்லை. மேலே ஸ்தூபி நட்டார். சுதை வேலை செய்தார் (என் தொழிலுக்கு அதைவிட மரியாதை வேண்டாம்). கிணறு வெட்டினார், மதில் கட்டினார், குளம் தோண்டினார். பிறகு கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தார். காசு இல்லாததால் கல் இல்லை, கட்டடம் இருந்தது! சுவரும் மதிலும் இல்லாமல் சிவனைக் கூப்பிட அவருக்கே மனம் வரவில்லை.

வடக்குவாசல் எழுதியது:

இதே தடத்தில் வடலூரைச் சொல்லலாம். உருவ வழிபாட்டைத் தாண்டி வந்தவர் வள்ளலார். அவரும் 1872-இல் சத்திய ஞான சபையைத் திறந்தபோது எண்கோணத்தில் ஒரு கட்டடம், நடுவில் ஜோதி, அதற்கு முன் ஏழு நிறத் திரை என்று யோசித்துத்தான் கட்டியிருக்கிறார். தைப்பூசத்தன்று திரைகள் ஒவ்வொன்றாக விலகும்போது கூட்டம் "அருட்பெருஞ்ஜோதி" என்று எழுப்பும் சத்தத்தைக் கேட்டவருக்குத் தெரியும். ஒரு விளக்கு, அவ்வளவுதான் உள்ளே. மறைத்துக் காட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆரோவில் மாத்ரி மந்திருக்கும் போயிருக்கிறேன். 2008-இல் முடிந்தது. வெளியே பொன் தகடு, உள்ளே வெள்ளைப் பளிங்கு, நடுவில் 70 செ.மீ. கண்ணாடிக் கோளத்தின் மேல் மேலிருந்து ஒற்றை ஒளிக்கதிர். பூ, ஊதுபத்தி, மணி எதுவும் கூடாது. பலர் அங்கே மணிக்கணக்கில் உட்காருகிறார்கள். எனக்கோ வங்கி லாக்கர் அறையில் அடைத்தது மாதிரி இருந்தது. தும்மிவிடுவோமோ என்ற பயத்திலேயே நேரம் போய்விட்டது. எனக்குச் சத்தம் வேண்டும். நாதஸ்வரமும் குழந்தை அழுகையும் இல்லாத இடத்தில் எனக்குச் சாமி வருவதில்லை. இது ரசனை என்றால் ரசனை.

மேலவீதி எழுதியது:

இவ்வளவு பேசியாயிற்று, இனி உண்மைக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சொன்ன அந்தச் சிற்றூர்க் கோயிலுக்குத் திருப்பணி தொடங்கப் போகிறது. குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். ஒரு உபயதாரர் அர்த்தமண்டபம் முழுக்கப் பளபளக்கும் கிரானைட்டும் கருவறைக்கு விளக்கும் தருகிறேன் என்கிறார். நான் கூடாது என்றேன். என் அம்மாவே எழுந்து, "உனக்கு இருட்டு அழகு. எனக்குக் கண்ணில் புரை. அம்பாள் முகத்தைப் பார்த்து வருஷமாகிறது. நீ படம் பிடிக்கவா நான் தடவிக்கொண்டு நிற்பது?" என்று கேட்டார். கூட்டம் கைதட்டியது. என்ன செய்யலாம்?

சுதைவேலை எழுதியது:

அம்மா கேட்டது சரியான கேள்வி. இதில் அழகையும் வசதியையும் எதிரெதிராக நிறுத்தாதீர்கள்.

தரை: பளபளப்புக் கிரானைட் வேண்டாம் என்பதற்கு அழகைக் காரணம் சொல்லாதீர்கள், தோற்றுவிடுவீர்கள். அபிஷேகத் தண்ணீரும் எண்ணெயும் விழுகிற இடத்தில் வழுவழுப்பான கல் வயதானவர்கள் இடுப்பை உடைக்கும் என்று சொல்லுங்கள். அம்மாவே உங்கள் பக்கம் வந்துவிடுவார். பழைய கல்தரை இருந்தால் எடுத்துச் சமன்படுத்தித் திரும்பப் போடச் சொல்லுங்கள். புதிதாகத்தான் வேண்டும் என்றால் உளியால் கொத்திய கல்.

விளக்கு: கருவறைக்குள் வேண்டாம். அர்த்தமண்டபத்தில், நிற்பவர் கண்ணில் படாதபடி உத்தரத்துக்குப் பின்னால் மஞ்சள் நிற விளக்கு, ஒளி உள்நோக்கி விழும்படி. கருவறையில் நெய்விளக்கை இரண்டுக்கு நாலாகக் கூட்டுங்கள். பட்டரிடம் பேசி, தீபாராதனையை முகத்துக்கு நேரே இன்னும் கொஞ்சம் நேரம் நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். பார்வை குறைந்தவர்களை முன்னால் விடுங்கள். இதற்கெல்லாம் காசே வேண்டாம்.

மேலவீதி எழுதியது:

நன்றி ஐயா. தரைக்கு உபயதாரர் ஓரளவு இறங்கி வந்துவிட்டார். விளக்கில்தான் சிக்கல். மறைவாக வைத்தால் உபயம் என்று போட்ட பெயர் யாருக்கும் தெரியாதாம். குழல்விளக்கின் மேலேயே சிவப்பு எழுத்தில் பெயர் வேண்டுமாம்.

கரிசல்காரன் எழுதியது:

வெளிச்சத்தை மறைக்கத்தான் வெளிச்சம் வாங்கித் தருகிறார்!

சுதைவேலை எழுதியது:

சிரிக்காதீர்கள், பெயர் கேட்பது பழைய வழக்கம். ராஜராஜனே "நாங் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" எல்லாவற்றையும் ஸ்ரீவிமானத்துக் கல்லில் வெட்டச் சொன்னவர். உங்கள் உபயதாரரிடம் அதைச் சொல்லுங்கள். குழல்விளக்கு ஒரு வருடத்தில் ஃபியூஸ் போகும், அதோடு பெயரும் குப்பைக்குப் போகும். மகாமண்டபச் சுவரில் ஒரு கல்லில் வெட்டித் தருகிறோம், ஆயிரம் வருடம் நிற்கும் என்று சொன்னால் மறுக்க மாட்டார்.

மேலவீதி எழுதியது:

சொன்னேன். ரொம்பச் சந்தோஷம், சம்மதம் என்றார். செல்போன் நம்பரையும் சேர்த்து வெட்ட முடியுமா என்று கேட்கிறார்.